கேட்டால் போதும், சொல்ல வேண்டாம்

ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்க ஸ்பானிஷ் மொழியில் பதினோரு வழி இருக்கிறதாம். கயல்விழிக்குப் போனில் பாடம் எடுத்த பாண்டிச்சேரி பாரதி அப்படித்தான் சொன்னாள். சின்னவரிடம் கேட்பது ஒரு மாதிரி, பெரியவரிடம் கேட்பது வேறு மாதிரி, முன்பின் அறியாதவரிடம் கேட்பது இன்னொரு மாதிரி. விருத்தாசலத்தில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. இங்கே ஒரே வழிதான். "நல்லாத்தான இருக்குது?" என்று கேட்பார்கள். எதிரே நிற்பவர் தலையை ஆட்டுவார். அபிப்பிராயம் கேட்டும் ஆயிற்று, சொல்லியும் ஆயிற்று. அப்புறம் டீ குடிக்கப் போய்விடலாம்.

கயல்விழிக்கு முப்பத்தொன்பது வயது. கெமிஸ்ட்ரி படித்தவள். பீங்கான் பட்டறைகள் வரிசையாக நிற்கும் தொழிற்பேட்டையில், குருமூர்த்தியின் பட்டறையில் டெஸ்டிங் ரூமைப் பதினான்கு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே செய்வது பொம்மையோ ஜாடியோ அல்ல, இன்சுலேட்டர். கரண்டு கம்பத்தின் உச்சியில் காப்பிக் கலரில் சின்னக் குடை மாதிரி உட்கார்ந்து கம்பியைத் தாங்கிக்கொண்டிருக்குமே, அதுதான். கம்பியில் ஓடும் கரண்டு கம்பத்துக்கு இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது ஒழுங்காக இருக்கிற வரை யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இந்த வருஷம் முதல்முறையாகப் பெரு நாட்டிலிருந்து ஆறாயிரம் இன்சுலேட்டருக்கு ஆர்டர் வந்தது. வந்த ஆர்டர் நழுவிப் போகவும் பார்த்தது. காரணம் வேறொன்றுமில்லை, குருமூர்த்தி அனுப்பிய மெயில்கள். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, ஆபீசில் யாரோ அதைப் போனில் போட்டு ஸ்பானிஷாக மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். டிராயிங் சரியா இல்லையா, இன்றைக்கே பதில் சொல் என்கிற தோரணையில் போயிருக்கிறது. அங்கிருந்து நான்கு நாள் பேச்சு மூச்சு இல்லை. நடுவில் இருந்த சென்னை ஏஜென்ட் பதறிப் போய்ப் போன் செய்தார். "சார், அவங்ககிட்ட பதவிசா பேசணும். உங்களுக்கு எப்படித் தோணுது, சிரமம் இல்லன்னா சொல்லுங்கன்னு கேக்கணும். அதட்டினா ஆர்டர் போயிடும்" என்றார்.

குருமூர்த்தி அன்றைக்கே கயல்விழியைக் கூப்பிட்டார். "நீதான் படிச்சவ. இதையும் படிச்சிடு" என்றார், கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வரச் சொல்கிற மாதிரி. அப்படித்தான் வாரத்துக்கு மூன்று சாயங்காலம் பாரதியின் வகுப்பு ஆரம்பித்தது. ஐந்து மாதம் நடந்தது.

கே லே பரேசே, உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது. உஸ்தெத் கே ஒபினா, தாங்கள் என்ன நினைக்கிறீர்கள். சி நோ எஸ் மொலேஸ்தியா, தொந்தரவு இல்லையென்றால். பஸ்ஸிலும் அடுப்படியிலும் துணி காயப்போடும்போதும் கயல்விழி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பத்தாவது படிக்கும் மகள் வெண்பா, "அம்மாவ எதுவோ பிடிச்சிடுச்சுப்பா" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

கேட்பதெல்லாம் சுலபமாகத்தான் வந்தது. சொல்வதில்தான் மாட்டிக்கொண்டாள். "இப்ப உங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்கக்கா. ஆ மி பரெசெர்னு ஆரம்பிங்க. அப்படின்னா, எனக்குத் தோணுறது என்னன்னா" என்பாள் பாரதி. எதைப் பற்றி என்று கேட்டால் எதைப் பற்றி வேண்டுமானாலும் என்பாள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்லுங்கள், வெயிலைப் பற்றிச் சொல்லுங்கள். கயல்விழி "ஆ மி பரெசெர்" என்று ஆரம்பித்துவிட்டு அப்படியே நின்றுவிடுவாள். வார்த்தை தெரியாமல் இல்லை. சொல்லலாமா கூடாதா என்று யோசனை. பாரதிக்கு அவளைவிடப் பதின்மூன்று வயது குறைவு, பொறுமை அதிகம். "பஸ் ஸ்டாண்டு ஒன்னும் கோச்சுக்காதுக்கா" என்பாள்.

சரக்கைப் பரிசோதிக்கப் பெருவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் நேரில் வருகிறார் என்று மெயில் வந்தது. அன்று குருமூர்த்தி கயல்விழியை நிறுத்தி வைத்துச் சொன்னார். "இங்க பாரு கயலு. அந்தம்மாகிட்ட அபிப்பிராயம் கேளு. எத்தன தடவ வேணா கேளு. ஆனா உன் அபிப்பிராயம்னு ஒன்னும் சொல்லிக்கிட்டு இருக்காத. கேட்டா போதும், சொல்ல வேணாம்."

கயல்விழி தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் அவளிடம் ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருந்தது. இரண்டு வாரமாக அதை மென்று முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஆறாயிரமும் இரண்டு சூளையாக வெந்தன. முதல் சூளை அருமையாக வந்தது. இரண்டாவது சூளையன்று கடைசி மூன்று மணி நேரம் கேஸ் அழுத்தம் இறங்கிவிட்டது. சூளையைப் பார்த்துக்கொள்ளும் மாயவன் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். முன்பக்க மீட்டரில் சூடு காட்டியது. ஆனால் பின்பக்கத்தில் நின்ற சரக்கு வரை அந்தச் சூடு போய்ச் சேர்ந்ததா என்பது மாயவனுக்கே சந்தேகம்.

இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக் கதவைத் திறந்து, கற்பூரம் காட்டி, முதல் ட்ராலி வெளியே வந்து, எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து முடிகிற வரை யாரும் குறை என்று ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் அடுத்த சூளைக்கு ஆகாதாம். குருமூர்த்தியின் அப்பா காலத்திலிருந்து வருகிறது. சரி, பொங்கல் தின்று முடித்த பிறகு பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேசலாம்தான். ஆனால் இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து நல்லா இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அன்றைக்குக் குருமூர்த்தி சென்னையிலிருந்து நேராக வந்து, சட்டைகூட மாற்றாமல் சூளை வாயில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா வந்திருக்குது இல்ல?" என்றார் மாயவனைப் பார்த்து. "வந்திருக்குதுங்க" என்றார் மாயவன். "என்ன வீராயி?" என்றார். "ஆமாங்க மொதலாளி" என்றாள் பேக்கிங் பார்க்கும் வீராயி. "கயலு?" என்றார். கயல்விழி தலையாட்டினாள்.

சாயங்காலம் அவள் பின் ட்ராலியிலிருந்து ஒன்றை எடுத்துப் போய், டெஸ்டிங் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தியலால் உடைத்தாள். உடைந்த சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான். நன்றாக வெந்த பீங்கான் நாக்கில் கண்ணாடி மாதிரி வழுக்கும். வேகாத பீங்கானுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அது எச்சிலை உறிஞ்சி நாக்கைக் கவ்விக்கொள்ளும். இது கவ்விக்கொண்டது. வேறொன்றை எடுத்து உடைத்தாள். அதுவும் கவ்வியது.

மேலே பூசிய கிளேஸ் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. கண்ணால் பார்த்தால் முதல் சூளைக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் கிடையாது. கம்பத்தில் ஏற்றி, இரண்டு மழைக்காலம் ஈரம் ஊறி, கரண்டு கம்பத்துக்கு இறங்கினால் அப்போது தெரியும். ரிப்போர்ட்டுக்கு மாதிரி எடுப்பது எப்போதும் முதல் சூளையிலிருந்துதான், அதுவும் வழக்கம். அது பாஸாகிவிட்டது. கயல்விழி எழுதிய ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை உட்கார விடாமல் அரித்தது.

மறு வாரம் குடோனுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் சூளைப் பெட்டிகள் வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கையை நீட்டினால் எடுக்கிற மாதிரி அடுக்கியிருந்தன. இரண்டாவது சூளைப் பெட்டிகள் பின்சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கும் மேலே. இது தானாக நடக்கிற காரியமா? முதலாளி சொல்லாமல் ஒரு பெட்டி இடம் மாறுமா? ஆக அவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கயல்விழி முடிவு கட்டினாள். அதற்கப்புறம் 'சொல்ல வேணாம்' என்று அவர் சொன்னதும், பூட்டின் மேல் பூட்டு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் சொல்லவில்லை. புருஷன் மதிவாணன் மங்கலம்பேட்டைப் பக்கம் லைன்மேன். சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். மழைக்காலத்தில் அவன் கம்பத்தில் கரண்டு இறங்கியிருக்கிறதா என்று புறங்கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவான். அந்தத் தட்டுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் தன் உயிர் இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் விளையாட்டாகச் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பெருவிலும் ஒரு மதிவாணன் கம்பம் ஏறுவான். அவன் பிள்ளைக்கும் பரீட்சை இருக்கும். அவன் தட்டிப் பார்க்கிற கம்பத்தில் உட்கார்ந்திருப்பது தன் ரிப்போர்ட்டோடு போன பீங்கானாக இருக்கும். இதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பக்கம் பார்த்தால் முப்பத்தாறு பேர் வேலை செய்கிற பட்டறை. ஆர்டர் போனால் எத்தனை பேரை நிறுத்துவார்களோ. முதலில் தன்னை நிறுத்துவார்கள், அதில் சந்தேகமே இல்லை. முதலாளியைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டால் தொழிற்பேட்டையில் அப்புறம் எந்தக் கதவும் திறக்காது. மூன்று வாரமும் அவள் இப்படி அங்கேயும் இங்கேயும் அல்லாடினாள். ஒரு முடிவுக்கும் வரவில்லை. வராமலே அந்த நாள் வந்துவிட்டது.

வந்தவரின் பெயர் நெல்லி கிஸ்பே. ஐம்பது வயது இருக்கும். குட்டை முடி, கனமான ஷூ, கையில் நூல் கட்டிய ஒரு நோட்டு. நெல்லி என்ற பெயரைக் கேட்டதும் பேக்கிங் பெண்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "நம்மூரு பேருதான் வெச்சிருக்காங்க" என்று வீராயி சொல்லிக்கொண்டே இளநீர் சீவிக் கொடுத்தாள். நெல்லி நின்ற இடத்திலேயே அதைக் குடித்து முடித்து, இரண்டு கையாலும் மட்டையைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னார். பதவிசான மனுஷி என்று எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. கயல்விழி மட்டும் குடோன் பக்கமே பார்க்காமல் நின்றாள்.

முதலில் சூளையைப் பார்த்தார்கள். அப்புறம் மண் அரைக்கிற இடம். ஒவ்வொரு இடத்திலும் கயல்விழி முதலாளி சொன்னபடியே அபிப்பிராயம் கேட்டாள். "கே லே பரேசே, செனியோரா?" உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது, அம்மா. நெல்லி ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்துப் பதில் சொன்னார். சுத்தமாக இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது, நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். கயல்விழி மொழிபெயர்க்க, குருமூர்த்தி, "லைட்டு போட்டுடலாம்னு சொல்லு" என்றார் உற்சாகமாக.

கடைசியில் குடோன். குருமூர்த்தி, மாயவன், வீராயி எல்லோரும் கூடவே வந்தார்கள். நெல்லி பெட்டிகளை முன்னும் பின்னும் ஒரு தடவை பார்த்தார். நோட்டை மூடினார். பிறகு கயல்விழி பக்கம் திரும்பி, நிதானமாக, அவளுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். "சோதனைக்கு நான் மாதிரி எடுக்க வேண்டும். இது உங்கள் இடம், என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்கிருந்து எடுத்தால் சரியாக இருக்கும்? உஸ்தெத் கே ஒபினா?"

கயல்விழி அந்த மூடிய நோட்டையே பார்த்தாள்.

"என்னா கேக்குறாங்க?" என்றார் குருமூர்த்தி.

"சாம்பிள் எங்கேருந்து எடுக்கறதுன்னு கேக்குறாங்க சார்."

"எங்கேருந்து வேணா எடுத்துக்கச் சொல்லு. நமக்கென்ன" என்றார் அவர்.

எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்று கயல்விழிக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அது அவளுக்கு ஒரு வழி காட்டியது. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னாள். மாயவன் அதற்குள் முன்னால் இருந்த பெட்டி மேல் கையை வைத்து, "இங்கியே கைக்கு எட்டுற மாதிரி இருக்குதுங்களே" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

நெல்லி புன்னகை செய்தார். "நன்றி, அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் நான் உங்களைத்தான் கேட்டேன். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

பதினான்கு வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. தலையாட்டி முடித்துவிடுகிற கேள்வியாகவும் அது இல்லை. எந்தப் பதிலையும் உள்ளே வைத்துக்கொள்ளாமல், வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிற கேள்வி. அவளுக்கு அழுகை முட்டியது. ஓடிவிடலாம் போல் இருந்தது. மாயவனின் கண் தன் மேலேயே இருப்பது தெரிந்தது.

"ஆ மி பரெசெர்" என்றாள். வழக்கம் போலவே அதோடு நின்றாள். குடோன் தகரத்தில் ஏதோ ஒரு காக்கை நடந்து போவது கேட்டது. "ஆ மி பரெசெர், தே அயா அத்ராஸ்." எனக்குத் தோன்றுவது, அங்கே பின்னாலிருந்து. விரலை நீட்ட அவளால் முடியவில்லை. வாய் மட்டும்தான் சொன்னது.

நெல்லி அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். "தே அகுவெர்தோ" என்றார், சரி என்று அர்த்தம். கனமான ஷூவோடு பின்சுவரைப் பார்க்க நடந்தார்.

"ஏன் அவ்ளோ தூரம் போறாங்க?" என்றார் குருமூர்த்தி.

"அங்கேருந்து எடுக்கறாங்களாம் சார்" என்றாள் கயல்விழி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மேல எட்டாது அவங்களுக்கு. ஏணி கொண்டாங்கப்பா" என்று அவர் சத்தம் போட்டார். யாரும் அசையவில்லை. அவரே போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, நெல்லி ஏறி இறங்குகிற வரை கீழே பிடித்துக்கொண்டு நின்றார். மாயவன் தரையைப் பார்த்தார். வீராயி வெளியே போய்விட்டாள்.

எடுத்த ஐந்து இன்சுலேட்டரையும் டெஸ்டிங் ரூமில் உடைத்தார்கள். துண்டுகளை ரோஸ் கலர் சாயத்தில் போட்டு, கனமான இரும்புப் பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏற்றி வைத்தார்கள். நன்றாக வெந்த பீங்கானுக்குள் அந்தச் சாயம் எத்தனை அழுத்தத்திலும் நுழையாது. வேகாததற்குள் நுழைந்துவிடும். மறுநாள் காலையில் திறக்க வேண்டும். நெல்லி மூடியின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு லாட்ஜுக்குப் போனார். கயல்விழி வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று சொல்லிப் படுத்தாள். மதிவாணன் மாத்திரை வாங்கி வந்து வைத்ததும், எதுவும் கேட்காமல் போர்வையை இழுத்து விட்டதும் தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அவளுக்கு அப்போது பெரிய பாரமாக இருந்தது.

காலையில் எல்லோரும் டெஸ்டிங் ரூமில் கூடினார்கள். நெல்லி காகிதத்தைக் கிழித்து மூடியைத் திறந்தார். துண்டுகளை எடுத்துத் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக உடைத்தார். முதல் துண்டின் உள்ளே ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ரோஸ். இரண்டாவது துண்டும் அப்படியே. ஐந்தாவது துண்டு வரை அதேதான்.

குருமூர்த்தியின் முகத்தைப் பார்க்கக் கயல்விழிக்குத் தைரியம் இல்லை. நெல்லி பேச ஆரம்பித்தார், அவள் பக்கம் பார்த்து. பேசி முடித்துவிட்டு, "தயவுசெய்து அவருக்குச் சொல்லுங்கள், ஒன்றையும் விடாமல்" என்றார்.

அவர் பேசியது கயல்விழிக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரியாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பாதியைச் சொல்லிப் பாதியை விட்டால் கேட்பார் கிடையாது.

"என்னா சொல்றாங்க கயலு?"

"இந்தச் சூளை சரக்க அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம் சார்." ரோஸ் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "ஆனா ஆர்டர ரத்து பண்ண மாட்டாங்களாம். ரெண்டு மாசம் டைம் குடுக்கச் சொல்லி எழுதுறாங்களாம்."

"ஏன்?"

இதற்குத்தான் அவள் பயந்தாள். "அவங்க எந்தப் பட்டறைக்குப் போனாலும், எங்கேருந்து சாம்பிள் எடுக்கலாம், உங்க அபிப்பிராயம் என்னன்னு கேப்பாங்களாம். எல்லாரும் பக்கத்துல இருக்கற பெட்டியத்தான் காட்டுவாங்களாம். அதனால அவங்க எப்பவும் எதிர்ப்பக்கம் போயி எடுப்பாங்களாம். இங்கதான் மொத மொத பின்னாடி பெட்டிலேருந்து எடுங்கன்னு ஒருத்தங்க சொன்னாங்களாம். அப்படி சொல்ற ஆள வேலைக்கு வெச்சிருக்கற பட்டறைய நம்பலாம்னு, உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்றாங்க." மூச்சு வாங்கியது. "நான்தான் சார் சொன்னேன்."

குருமூர்த்தி மேஜைப் பக்கம் நடந்தார். மேஜை மேல் சாயத்தில் போடாத மிச்சத் துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார். நாக்கில் வைத்தார். எடுக்கப் பார்த்தார், உடனே வரவில்லை. பிய்த்து எடுத்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாயவா. ஒனக்குத் தெரியுமா?"

மாயவன் தலையைச் சொறிந்தார். "கேஸு எறங்குனப்பவே தெரியுங்க."

"வீராயி?"

"தட்டிப் பாத்தப்ப சத்தம் மாறி இருந்துச்சுங்க மொதலாளி. அதான் நாங்களே பின்னாடி அடுக்கிட்டோம். ஒங்களுக்கு ஒரு கஷ்டம் வரக் கூடாதுன்னு."

"நாங்கன்னா?"

"எல்லாருந்தாங்க."

கயல்விழி அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வாரமாக அவள் மனசுக்குள் வைத்துச் சண்டை போட்ட திருட்டு முதலாளி அங்கே இல்லை. முப்பத்தாறு பேருக்குத் தெரிந்த விஷயம் தெரியாத ஒரே ஆள் நின்றுகொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட நீங்க சொல்ல வேணாம்னு சொன்னீங்களே சார்" என்றாள்.

"பாதி கத்துக்கிட்ட பாஷைல அந்தம்மாகிட்ட ஏதாவது வாக்கு குடுத்துடப் போறியேன்னு சொன்னேன் கயலு. அதுக்காக என்கிட்டயுமா சொல்ல வேணாம்?" குரல் உடைந்தது. அவர் அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. "ஏணியப் புடிச்சிக்கிட்டு நின்னேனே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தீங்களே."

நெல்லி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் என்னவோ புரிந்திருக்க வேண்டும், நோட்டை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போய் நின்றார்.

"சரி, நீ சொல்லு. அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனா?" என்றார் குருமூர்த்தி கயல்விழியிடம்.

கேட்டிருப்பீங்க சார் என்ற பதில் கயல்விழியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் அவருக்கும் ஆறுதல், இவளுக்கும் வேலைக்கு ஆபத்து இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று பட்டது.

"கேட்டிருக்க மாட்டீங்க சார்" என்றாள். "சர்க்கரப் பொங்கல் சாப்புடும்மான்னு சொல்லியிருப்பீங்க."

மாயவன் மூச்சை இழுத்துப் பிடித்தது பக்கத்தில் கேட்டது. குருமூர்த்தி கையிலிருந்த துண்டை மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"வேற என்னென்ன எனக்குத் தெரியாது?" என்றார்.

சுவர் மின்விசிறி ஒரு சுற்று திரும்பி வந்தது. வீராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒன்னு இருக்குதுங்க மொதலாளி" என்றாள்.

"என்கிட்ட மூணு இருக்குதுங்க" என்றார் மாயவன்.

குருமூர்த்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.